சிந்துமணி சாக்கு

எங்க குடோன்ல எடை மெஷினுக்கு மேல ஒரு அட்டவணை தொங்கிட்டு இருந்துச்சு. நானே கம்ப்யூட்டர்ல கட்டம் போட்டு, மன்னார்குடியில பிரிண்ட் எடுத்து, லேமினேஷன் பண்ணி மாட்டுனது. திங்கக்கிழமை நடைபாதை, செவ்வாய் செவுத்தோரம், புதன் ஒட்டடை, வியாழன் கதவு ஜன்னல், வெள்ளி காலி சாக்கு அறைன்னு வாரம் முழுக்க வேலை பிரிச்சு, வேலை முடிஞ்சதும் மார்க்கர்ல ஒரு டிக். மாசக் கடைசியில அத போன்ல போட்டோ எடுத்துட்டு ஈரத்துணியால தொடச்சுட்டு மறுபடி மொதல்ல இருந்து. 2022 ஆவணியில மாட்டுனேன், 2023 சித்திரை வரைக்கும் ஒரு கட்டம் கூட காலியா இல்ல. அந்த போட்டோ எல்லாம் இன்னும் போன்ல இருக்கு, அழிக்கல. அந்த சித்திரையில தான் ஒரு வியாபாரி 40 அரிசி மூட்டைய வண்டியோட திருப்பி அனுப்புனாரு, மூட்டைய பிரிச்சா செவப்பு செவப்பா வண்டு ஓடுது.

நீடாமங்கலம் பக்கம் இருக்குறவங்களுக்கு எங்க குடோன் மாதிரி எடத்த பத்தி பெருசா சொல்ல வேண்டியதில்ல. ஆறாயிரம் சதுர அடி, மேல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், கஜா புயல்ல பாதி பறந்து போயி 2019ல மாத்துனது. அறுவடை சமயத்துல தனியார் வியாபாரிங்க நெல்ல 60 கிலோ மூட்டையா கொண்டாந்து ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி அட்டி போடுவாங்க, வெலை ஏறுறப்ப எடுத்துட்டு போவாங்க. கிழக்கு பக்கம் ஒரு பகுதிய தனியா தடுத்து அரிசிக்கு விட்டுருக்கோம், மில்லுல இருந்து வர்ற 25 கிலோ புழுங்கல் அரிசி மூட்டை அங்க நிக்கும். அப்பாவுக்கு முட்டி வலி வந்து வாசப்படி ஏற முடியாம போனதும் நான் திருப்பூர் வேலைய விட்டுட்டு வந்து பாத்துக்க ஆரம்பிச்சேன். திருப்பூர்ல அஞ்சு வருஷம் பனியன் கம்பெனி குடோன்ல தான் இருந்தேன், அங்க கத்துக்கிட்டது தான் இந்த அட்டவணை. அங்க அது நல்லா நடந்துச்சு. பனியன் பெட்டிக்கு அடியில தூசி நின்னா தூசி மட்டும் தான், அது ஒரு வாரம் கழிச்சும் அதே தூசி தான், நெல்லும் அரிசியும் அப்படி இல்லன்னு எனக்கு அப்ப மண்டையில ஏறல.

மாத்திரை போட்டும் போகல

மூட்டை திரும்பி வந்த அன்னைக்கி நான் மொதல்ல பண்ணது அந்த அட்டவணை போட்டோவ வியாபாரிக்கு வாட்ஸ்அப்ல அனுப்புனது தான். நாங்க டெய்லி சுத்தம் பண்றோம், வண்டு உங்க மில்லுல இருந்து வந்திருக்கும்னு சொன்னேன். அவரு ஒண்ணும் திட்டல, "தம்பி, எங்கேருந்து வந்துச்சுன்னு நான் கேக்கல, இப்ப உங்க குடோன்ல இருக்கு"ன்னு மட்டும் சொன்னாரு. அந்த வார்த்தை எனக்கு இன்னைக்கும் உறுத்துது.

அந்த வருஷம் நெல்லும் சரியில்ல தான். 2023 பிப்ரவரி மொத வாரம் பெஞ்ச மழை டெல்டாவுல இருக்குற யாருக்கும் மறந்திருக்காது, சம்பா முத்தி அறுப்புக்கு நிக்குறப்ப மழை. அரசு கொள்முதல்ல நெல்லுக்கு இருந்த 17 சதவீத ஈரப்பத வரம்ப 20 வரைக்கும் தளர்த்துனாங்க. அப்படி ஈரமா வந்த நெல்ல ரோட்டுல காய வச்சு, பாதி காஞ்சும் காயாமயும் அட்டி போட்டா உள்ள சூடு ஏறும், சூடும் ஈரமும் சேந்தா பூச்சிக்கு அத விட சவுகரியம் வேற என்ன வேணும். அதனால நானும் ஈரத்து மேல பழிய போட்டுட்டு மருந்துக்கு ஆள் கூப்பிட்டேன். லைசென்ஸ் உள்ள ஆளுங்க தஞ்சாவூர்ல இருந்து வந்து அரிசி அட்டிய பெரிய கவர் போட்டு மூடி, தரையோரம் சுத்தி நீட்டு மணல் பைய வரிசையா வச்சு காத்து போகாம அடைச்சு, டன்னுக்கு இத்தனைன்னு கணக்கு பண்ணி அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வச்சாங்க. ஏழு நாள் கதவு சாத்தி பூட்டு. இத படிக்கிற யாராச்சும் அந்த மாத்திரைய கடையில வாங்கி நாமளே போட்டுக்கலாம்னு நெனச்சா தயவு செஞ்சு வேணாம், அதுல இருந்து வர்ற வாயு மனுசன கொல்லும், வீட்டோட ஒட்டுன குடோன்ல அத பண்ணவே கூடாது.

ஏழு நாள் கழிச்சு கவர் எடுத்தப்ப எல்லாம் செத்து கெடந்துச்சு. கூட்டி அள்ளுனோம். அப்பா கூட வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்து பாத்துட்டு, சரிடா முடிஞ்சுதுன்னாரு. ஜூன் 12 மேட்டூர் தண்ணி தெறந்தாங்க, ஊரெல்லாம் குறுவைக்கு உழவு ஓட்ட ஆரம்பிச்ச அந்த வாரத்துல, அதே அரிசி அட்டி மேல மறுபடி செவப்பு வண்டு. மருந்து வச்சு நாப்பது நாள் கூட ஆகல. அட்டவணையில அந்த நாப்பது நாளுக்கும் டிக் இருக்கு.

இந்த எடத்துல தான் எனக்கு தூக்கம் போச்சு. வேலை நடக்கலன்னா நடக்கலன்னு சொல்லலாம், ஆள திட்டலாம், ஆள மாத்தலாம். வேலை நடந்திருக்கு, நான் கண்ணால பாத்திருக்கேன், தரைய பாத்தா எலை போட்டு சாப்பிடலாம் அப்படி இருக்கு. அப்புறம் எப்படி? புகை மருந்து அன்னைக்கி உள்ள இருக்குறத கொல்லும், கவர எடுத்துட்டா அதுக்கு மேல அதுக்கு வேலை இல்ல, மறுநாளே வெளியேருந்து ஒரு வண்டு வந்து ஏறுனா தடுக்க ஒண்ணுமில்லன்னு மருந்து வச்ச ஆளே சொல்லிட்டு தான் போனாரு. அப்ப வெளியேருந்து வருதுன்னு தானே அர்த்தம். எங்கேருந்து?

அந்த சாயங்காலம்

கரண்ட் இல்லாத ஒரு சாயங்காலம். கையில டார்ச்ச வச்சுக்கிட்டு செவுத்துக்கும் அட்டிக்கும் நடுவுல இருக்குற ரெண்டரை அடி சந்துல ஒருக்களிச்சு போயி ஒவ்வொரு மூட்டையா அடிச்சு பாத்துட்டு வரேன். வெளிய வந்தா உடம்பெல்லாம் தூசி, ஒண்ணும் கெடைக்கல. எங்க குடோன்ல கூட்டுற அக்கா, பத்தொம்பது வருஷமா அப்பா காலத்துல இருந்து இருக்குறவங்க, மொறத்த செவுத்துல சாத்தி வச்சுட்டு என்னையே பாத்துட்டு நின்னாங்க. ரொம்ப நேரம் யோசிச்சுட்டு நின்ன மாதிரி தான் இருந்துச்சு.

"தம்பி, அந்த சாக்க கொஞ்சம் தூக்கி பாருங்களேன்."

எடை மெஷினுக்கு பின்னாடி மூலையில ரெண்டு சாக்கு நிக்கும். கூட்டி அள்ளுற சிந்துமணி எல்லாம் அதுல தான் போடுவோம், நெல்லு, நொய், அரிசி, கருக்கா, தூசி எல்லாம் கலந்தது. மாசத்துக்கு ஒரு தடவ கோழிப்பண்ணைக்காரர் ஒருத்தர் மொபெட்ல வந்து கிலோ கணக்குல எடுத்துட்டு போவாரு, சில மாசம் அவரு வர நாப்பது நாள் கூட ஆகும். சாக்கோட அடிய பிடிச்சு தூக்குனேன். தூக்குன எடத்துல தரையில மாவு மாதிரி வெள்ளையா வட்டமா படிஞ்சு கெடந்துச்சு, அந்த மாவு அசைஞ்சுது. டார்ச் அடிச்சா மாவு இல்ல, மாவுக்குள்ள புழுவும் வண்டும். சாக்கு வாய பிரிச்சேன், கைய உள்ள விட முடியல, உள்ள அவ்ளோ சூடு. சாக்கு மேல இருந்து செவுத்துல ஒரு கோடு மாதிரி வண்டு வரிசையா ஏறி தடுப்ப தாண்டி அரிசி பக்கம் போகுது. மருந்து அடிச்ச அந்த ஏழு நாளும் இந்த சாக்கு ரெண்டும் கவருக்கு வெளிய, இதே மூலையில, யாரும் தொடாம நின்னுருக்கு.

எனக்கு கோவம் தான் மொதல்ல வந்துச்சு. "ஏன்க்கா, தெரிஞ்சா முன்னாடியே சொல்ல வேண்டியது தானே?"

அக்கா குரல ஏத்தல. "நீங்க தானே தம்பி இத வெளிய கொண்டு போகக்கூடாதுன்னீங்க. அய்யா இருந்தப்ப நாங்க அன்னன்னைக்கி சாயங்காலமே பொடைச்சு எடுத்துட்டு போயிருவோம்ல."

நான் சாக்க அப்படியே கீழ வச்சுட்டு உக்காந்துட்டேன்.

நடந்தது இது தான். நான் வந்த மொத மாசத்துல, 2022 ஆவணியில, கூட்டுற ரெண்டு பேரும் சாயங்காலம் போறப்ப மடியில ஒரு துணி மூட்டை கட்டிக்கிட்டு போறத பாத்தேன். என்னன்னு கேட்டா சிந்துமணின்னாங்க. களத்துல நெல்லு அடிச்சு முடிச்சு தூத்துன பிறகு தரையில கெடக்குறது கூட்டுறவங்களுக்குன்றது நம்ம பக்கத்துல பல எடத்துல இருந்த வழக்கம், எங்க குடோன்லயும் அப்பா அத அப்படியே விட்டுருந்தாரு, யாரும் அத பத்தி பேசினது கூட கெடையாது. எனக்கு அது ஒழுங்கில்லாத காரியமா பட்டுச்சு. கணக்குல இல்லாம ஒரு பொருள் வாசல தாண்டுது. திருப்பூர்ல நூல் கழிவு கூட எடை போட்டு தான் வெளிய போகும். அதனால இனிமே சிந்துற நெல்லையும் சாக்குல சேத்து வைக்கணும், மாசம் ஒரு தடவ வித்து அந்த காச ரெண்டு பேருக்கும் பிரிச்சு தர்றேன்னு சொன்னேன். நியாயமா தான் செய்யுறேன்னு நெனச்சேன், காசும் சரியா குடுத்தேன், அதுல ஒரு பைசா நான் எடுத்துக்கல. ஆனா அன்னன்னைக்கி சாயங்காலம் குடோன விட்டு வெளிய போயிட்டு இருந்த ஒரு விஷயத்த நான் நாப்பது நாள் உள்ளேயே நிக்க வச்சுட்டேன். அட்டவணை மாட்டுன அதே வாரத்துல தான் இதையும் பண்ணேன். ரெண்டையும் சேத்து தான் எல்லார்கிட்டயும் "சிஸ்டம் கொண்டாந்துட்டேன்"னு பெருமையா சொல்லிட்டு இருந்தேன்.

பூச்சிக்கு ஒரு மாசக் கணக்கு

அதுக்கப்புறம் தான் வண்ட பத்தி ஒழுங்கா படிச்சேன். செவப்பு மாவு வண்டு முழு நெல்ல கடிக்காது, முழு அரிசியிலயும் அதுக்கு பெருசா வேலை இல்ல, ஒடைஞ்சது, நொய், தூளு, மாவு, இது தான் அதுக்கு. தரையில சிந்துற அரிசி என்ன ஆகும், லோடுமேன் கால்ல மிதிபடும், தள்ளுவண்டி சக்கரத்துல நசுங்கும், கூட்டி அள்ளுறப்ப பாதி மாவாயிருக்கும். அதுக்கு வேண்டியத நாமளே அரைச்சு சாக்குல போட்டு மூலையில வச்ச மாதிரி. கூன்வண்டு வேற மாதிரி, அது அரிசிக்குள்ளயே ஓட்டை போட்டு முட்டை வச்சு மூடிரும், புழு உள்ளயே வளந்து வண்டா தான் வெளிய வரும், அதனால வெளிய பாத்தா தெரியாது. நெல்லுல வர்ற அந்துப்பூச்சியும் புழுவா இருக்குற வரைக்கும் மணிக்குள்ள தான். ஆனா நம்ம ஊரு வெக்கையில இது எல்லாத்துக்கும் முட்டையில இருந்து அடுத்த தலைமுறை வர ஏறக்குறைய ஒரு மாசம் ஆகும், நாள் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். கோழிப்பண்ணைக்காரர் வர்றதும் ஒரு மாசம், நாப்பது நாள். சாக்கு நிக்குற ஒவ்வொரு தடவையும் ஒரு தலைமுறை முழுசா வளந்து செவுரு ஏற நான் நேரம் குடுத்திருக்கேன்.

இத புரிஞ்சுக்கிட்ட அப்புறம் எனக்கு அட்டவணைன்ற விஷயத்த பத்தியே யோசனை மாறிடுச்சு. திங்கள் செவ்வாய்ன்றது எனக்கும் ஆபீசுக்கும் உள்ள கணக்கு. பூச்சிக்கு கெழமை தெரியாது. எந்த எடத்துலயும் தானியமோ தூளோ ஒரு தலைமுறை வளர்ற நேரத்துக்கு அசையாம நிக்கக்கூடாது, இது ஒண்ணு தான் கேள்வி, மத்ததெல்லாம் இதுல இருந்து தான் வரணும். அப்படி பாத்தா நான் கட்டம் போட்டு கூட்ட சொன்ன நடைபாதைய விட, மாசக்கணக்குல யாரும் அசைக்காத எடம் தான் முக்கியம். அட்டிக்கு அடியில போட்ட மரச்சட்டத்தோட சந்து, இரும்புக் கதவோட கீழ் தண்டவாளம், எடை மெஷின் தட்டுக்கு அடியில, காலி சாக்கு கட்டு, செவுத்து வெடிப்பு. என் அட்டவணையில இதுல பாதிக்கு கட்டமே இல்ல.

எங்க அப்பாயி வீட்டு பத்தாயம் ஞாபகம் வந்துச்சு. பொங்கலுக்கு முன்னாடி போகியப்ப அத முழுசா காலி பண்ணி, பலகைய ஒவ்வொண்ணா கழட்டி வெயில்ல போட்டு, உள்ள எறங்கி மூலை மூலையா தொடச்சு, காஞ்ச வேப்பிலையும் நொச்சியும் போட்டு தான் புது நெல்லு கொட்டுவாங்க. என்னைய தான் உள்ள எறக்கி விடுவாங்க, சின்னப் பையன்னா மூலைக்கு கை எட்டும்னு. ஒரு மணி பழசு இருக்கக்கூடாதுன்னு அப்பாயி மேல நின்னுக்கிட்டு சொல்லுவாங்க. பழைய நெல்லு மேல புது நெல்லு கொட்டுனா வீட்டுக்கு ஆகாதுன்னு அத ஒரு சாங்கியமா தான் சொன்னாங்க, இன்னைக்கி அந்த மூலையில என்ன இருந்திருக்கும்னு எனக்கு தெரியுது.

பாபநாசத்துல திருப்பாலைத்துறை கோயில் பக்கத்துல நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒண்ணு நிக்குது, 3,000 கலம் கொள்ளும்னு சொல்லுவாங்க, 17ஆம் நூற்றாண்டுல கட்டுனது. கும்பகோணம் போறப்ப வர்றப்ப எத்தனையோ தடவ தாண்டி போயிருக்கேன், அந்த ஆனியில தான் எறங்கி பக்கத்துல போயி பாத்தேன். வட்டமான கட்டடம், மேல கூம்பு. அத எதுக்கு வட்டமா கட்டுனாங்கன்னு கேட்டா சுமை தாங்குறதுக்குன்னு கட்டட வேலை தெரிஞ்சவங்க சொல்லலாம், அது சரியாவும் இருக்கும், எனக்கு அங்க நின்னப்ப தோணுனது ஒண்ணு தான், இதுக்குள்ள மூலையே கெடையாது.

இப்ப எப்படி பண்றோம்

கேக்குறவங்களுக்காக இதையும் எழுதிடுறேன், ஏன்னா அந்த சாக்கு கதைய சொன்னா எல்லாரும் அப்ப என்ன தான் பண்றீங்கன்னு தான் கேக்குறாங்க. மொதல்ல அட்டவணைய கழட்டிட்டோம். அக்காவையும் இன்னொரு அக்காவையும், லோடுமேன்ல மூத்தவரையும் உக்கார வச்சு, அப்பாவும் நாற்காலியில வந்து உக்காந்தாரு, ஒரு முழு காலையில பேசுனோம். பத்தொம்பது வருஷத்துல அந்த அக்காகிட்ட எங்க பூச்சி மொதல்ல வரும்னு யாரும் கேட்டதே இல்ல. வடமேற்கு மூலைன்னு கண்ண மூடிட்டு சொன்னாங்க, கஜாவுக்கு அப்புறம் போட்ட ஷீட்ல ஒரு ஆணி ஓட்டை வழியா ஐப்பசி கார்த்திகையில சொட்டு விழுது, கீழ இருக்குற மூட்டை நமுத்து போகுது, அங்க தான் ஆரம்பிக்கும்னாங்க. அந்த ஆணி ஓட்டைய அடைக்க எங்களுக்கு அஞ்சு நிமிஷமும் கொஞ்சம் தாரும் தான் ஆச்சு.

தினமும் செய்யுறது ஒண்ணே ஒண்ணு தான், அன்னைக்கி சிந்துனது அன்னைக்கே குடோன விட்டு வெளிய போகணும். இதுல பெரிய சண்டை நேரத்துக்கு தான் வந்துச்சு. நான் போட்ட பழைய அட்டவணையில கூட்டுறதுக்கு சாயங்காலம் அஞ்சுல இருந்து அஞ்சரை, ஆனா லாரி சில நாள் ஆறு வரைக்கும் லோடு ஏத்தும், கூட்டி முடிச்ச எடத்துல மறுபடி சிந்தும், அக்காவுக்கு கடைசி பஸ்ஸுக்கு நேரமாயிரும், அப்ப அள்ளாம ஓரமா தள்ளிட்டு டிக் போட்டுட்டு போறத தவிர அவங்களுக்கு வேற வழி என்ன இருந்துச்சு. இப்ப நாலரைக்கு மேல லாரி ஏத்துனா கூட்டுறவங்களுக்கு கூடுதல் கூலி, அத லாரி வாடகையிலயே சேத்துட்டேன். ரெண்டு வியாபாரி மொனகுனாங்க, அப்புறம் நாலு மணிக்குள்ள லாரி அனுப்ப ஆரம்பிச்சாங்க.

அட்டி கணக்கு தான் ரெண்டாவது. ஒரு அட்டி எறங்கி காலியான அன்னைக்கி அந்த எடத்துல வேற மூட்டை வைக்கக்கூடாது, மரச்சட்டத்த தூக்கி வெளிய வெயில்ல சாச்சு தட்டி, தரைய சந்து விடாம கூட்டி, வெடிப்பு இருந்தா சிமெண்ட் வச்சு, மறுநாள் தான் புது அட்டி. சம்பா வர்ற தை மாசி நெருக்கடியில இது ரொம்ப கஷ்டம், வாசல்ல வண்டி நிக்குறப்ப ஒரு நாள் எடத்த சும்மா விட மனசு வராது. ஆனா இதுல நான் விட்டுக் குடுக்குறதில்ல, அப்பாயி பத்தாயத்துக்கு மேல நின்ன மாதிரி நானே நிக்குறேன்.

பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ செவுத்துக்கும் தரைக்கும் மாலத்தியான் 50 ஈசின்ற பூச்சி மருந்த, லிட்டர் தண்ணிக்கு 10 மில்லி, 100 சதுர மீட்டருக்கு 3 லிட்டர் கலவைன்ற அளவுல தெளிக்கிறோம். இதுல ஒண்ணு கவனிக்கணும், தூசி இருக்குற செவுத்துல தெளிச்சா மருந்து தூசியில தான் ஒட்டும், தூசி உதிந்தா மருந்தும் போச்சு. அதனால ஒட்டடை மேல இருந்து அடிச்சு, அப்புறம் செவுரு, அப்புறம் தரை, கடைசியா தான் மருந்து. முன்னாடி மருந்து ஒரு கெழமை, ஒட்டடை ஒரு கெழமைன்னு தனித்தனியா இருந்துச்சு, வெள்ளிக்கிழமை தெளிச்சுட்டு அடுத்த புதன்கிழமை அந்த மருந்த நாங்களே வெளக்கமாத்தால அடிச்சு கொட்டியிருக்கோம். கூட்டுற வரிசையும் மாத்துனோம், புது நெல்லு இருக்குற பக்கத்துல ஆரம்பிச்சு பழசு இருக்குற பக்கம் முடிக்கிறது, மூலையில பூச்சி பாத்த வெளக்கமாத்த அப்படியே தூக்கிட்டு புது அட்டி பக்கம் போறதில்ல. தண்ணி ஊத்தி கழுவுறது அறவே கெடையாது, வைகாசியில குடோன் முக்கால்வாசி காலியா இருக்குறப்ப சுண்ணாம்பு அடிக்கிறோம், அதோட சரி. காலி சாக்கெல்லாம் குடோனுக்கு வெளிய தனி கொட்டகைக்கு போயிருச்சு.

கண்காணிக்க ரெண்டு பொறி வச்சிருக்கேன். ஒண்ணு தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்துல வடிவமைச்ச குழாய்ப் பொறி, ஓட்டை ஓட்டையா இருக்குற குழாய மூட்டைக்குள்ள சொருகி வச்சா வண்டு ஓட்டை வழியா உள்ள வந்து அடியில இருக்குற கூம்புல விழுந்துரும். இன்னொண்ணு மூலையில மாட்டுற புற ஊதா விளக்குப் பொறி. விழுறத எண்ணி எழுதுனா அட்டி மேல கண்ணுல படுறதுக்கு ரொம்ப முன்னாடியே சேதி தெரிஞ்சுருது.

இதெல்லாம் செலவு தான். தூசியில நாள் பூரா நிக்குறவங்களுக்கு நல்ல மாஸ்க் வாங்குறதும் சேத்து தான். அக்காவோட இருமல் எத்தனையோ வருஷமா கேட்டுட்டு இருந்த சத்தம், அதையும் நான் குடோன் சத்தத்துல ஒண்ணா தான் கேட்டுருக்கேன், மன்னிப்பு கேக்குற அளவுக்கு அது பெரிய தப்புன்னு இப்ப தான் தெரியுது. அவங்ககிட்ட கேக்கவும் செஞ்சேன்.

சிந்துமணி யாருக்கு

கடைசியா இத தான் முடிவு பண்ண ரொம்ப நாளாச்சு. சிந்துற நெல்லு வியாபாரியோட நெல்லு, அத நான் யாருக்கும் தூக்கி குடுக்க முடியாது, இது ஒரு பக்கம் நியாயம். அத ஒழுங்கு பண்ணுறேன்னு தான் நான் மொதல்ல கெடுத்தேன், அதனால இந்த தடவ எல்லா வியாபாரிகிட்டயும் நேர்ல போயி பேசுனேன். அன்னன்னைக்கி சிந்துறது இவ்ளோ, அது உள்ள நின்னா உங்க மூட்டைக்கு தான் கேடு, அத எடை போட்டு எழுதிட்டு கூட்டுறவங்க எடுத்துட்டு போவாங்க, அவங்க கோழிக்கு அன்னைக்கே போட்டுருவாங்க, சம்மதமான்னு. ஒருத்தர் தவிர எல்லாரும் சரின்னாங்க. மூட்டைய திருப்பி அனுப்புனவரு சரின்னதோட, இத ஏன் நிறுத்துனீங்கன்னு என்கிட்ட கேட்டாரு. ஒத்துக்காதவரோட அட்டியில சிந்துறத மட்டும் மூடி போட்ட தகர டப்பாவுல போட்டு வாரம் ஒரு தடவ அவரு மில்லுக்கே அனுப்பிடுறோம். முன்னாடி வித்து பிரிச்ச காசு நின்னுபோன கொறைக்கு ரெண்டு பேருக்கும் கூலிய ஏத்தியாச்சு.

எடை போடுறது சும்மா கணக்குக்குன்னு தான் ஆரம்பிச்சோம். எடை மெஷின் பக்கத்துல அட்டவணை தொங்குன அதே ஆணியில இப்ப ஒரு நாப்பது பக்க நோட்டு கயித்துல தொங்குது. டிக் கெடையாது. தேதி, சிந்துமணி எத்தனை கிலோ, எந்த அட்டி பக்கம், அவ்ளோ தான். அக்காவுக்கு எழுத்து கொஞ்சம் தடுமாறும், எண்ணு நல்லா எழுதுவாங்க, அட்டிக்கு நம்பர் போட்டுட்டதால அதுவே போதுமா இருக்கு. ரெண்டு மாசம் போனதும் அந்த எண்ணுங்கள பாத்தா பேச ஆரம்பிச்சுது. ஒரு வாரம் தெனம் 2 கிலோ, ரெண்டரை கிலோன்னு போயிட்டு திடீர்னு 7 கிலோ. என்னன்னு போயி பாத்தா புதுசா வந்த ரெண்டு லோடுமேன் மூட்டைக்கு நடுவுல கொக்கி போட்டு இழுக்குறாங்க, சாக்கு கிழியுது. மூத்தவரு அவங்களுக்கு மூட்டையோட காது பக்கமா, அதாவது மூலையில, கொக்கி போட சொல்லிக் குடுத்ததும் மறுபடி எறங்குச்சு. இன்னொரு தடவ ஏறுனப்ப எலி. மூட்டையோட அடி ஓரத்துல கடிச்சிருந்துச்சு, வயக்காட்டுல கிட்டி வைக்கிற ஒரு தாத்தாவ கூட்டியாந்து நாலஞ்சு மூங்கி கிட்டி வச்சதும் பிடிச்சுட்டோம். இதுல எதையும் அந்த டிக் போட்ட அட்டவணை எனக்கு அத்தனை மாசத்துல சொன்னதில்ல.

இன்னைக்கி சாயங்காலம் நோட்டுல 6 கிலோ 200 கிராம்னு இருக்கு. நேத்து 2 கிலோ சொச்சம் தான். பக்கத்துல 3ன்னு எழுதி அத சுத்தி அக்கா ஒரு வட்டம் போட்டுருக்காங்க, மூணாவது அட்டி. காலையில மொத லாரி வர்றதுக்கு முன்னாடி டார்ச் எடுத்துட்டு அந்த சந்துக்குள்ள போகணும்.